ஏழாம் அத்தியாயம்: தெருவில் வழங்கும் ஸ்பானியம்

இலக்கணத்தைக் கிரமமாகக் கற்று, வினைச்சொற்களின் திரிபுகளையெல்லாம் மனனம் செய்து, பாடநூலில் அச்சிட்டிருக்கும் சம்பாஷணைகளைத் தங்குதடையின்றிச் சொல்லும் பயிற்சியும் பெற்றுவிட்ட ஒருவர், மாட்ரிட் நகரத்துக் காப்பிக் கடை ஒன்றில் நின்று அக்கம்பக்கத்தார் பேசுவதைச் செவிமடுக்கும்போது, தாம் இத்தனை காலம் கற்றது இந்தப் பாஷையைத்தானா என்று திகைப்பது இயல்பே. எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தூரத்தைக் குழந்தைப் பருவத்திலேயே உணர்ந்து வளர்ந்த தமிழருக்கு இத்திகைப்பின் காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஸ்பானியத்தில் மேலும் ஒரு சங்கடம் உண்டு. ஸ்பெயின் தொடங்கி அமெரிக்கக் கண்டத்தின் தென்கோடி வரையில் 20 சுதந்திர நாடுகளில் அது ஆட்சிமொழியாக இருப்பதால், அதன் தெருப்பேச்சு ஒன்றன்று, பல; ஒரு தலைநகரத்தில் அன்புடன் சொல்லும் சொல், வேறொரு தலைநகரத்தில் சபையைத் தலைகுனியச் செய்துவிடும். ஆகவே இவ்வத்தியாயம் கொச்சைச் சொற்களைத் திரட்டித் தரும் அகராதியாக அமையாது. எந்தச் சொல்லை நாவில் ஏற்றலாம், எதைச் செவியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதைத் தீர்மானிப்பது எப்படி என்பதே இங்கு விஷயம்.

நம் இலக்கண ஆசிரியர்கள் தகுதி வழக்கைப் பகுக்கும்போது, ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு அமைத்துக்கொண்ட சொல்லைக் குழூஉக்குறி என்றும், அவையில் சொல்லத்தகாததை வேறொரு சொல்லால் மறைத்துக் கூறுவதை இடக்கரடக்கல் என்றும் பெயரிட்டு வைத்தார்கள். ஸ்பானியத் தெருப்பேச்சைப் புரிந்துகொள்ள இவ்விரண்டையும்விடப் பொருத்தமான கருவிகளை நான் அறியேன். அந்நாட்டுக் குழூஉக்குறியின் சரித்திரமும் பழமையானது. திருடர்களும் சிறைக்கைதிகளும் பேசிய 'ஹெர்மானியா' என்னும் மறைமொழிக்கு ஹுவான் ஹிதால்கோ என்பவர் 1609-இல் பார்ஸலோனாவில் வெளியிட்ட பாடல் தொகுதியிலேயே ஒரு சொற்பட்டியல் சேர்ந்திருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1613-இல், செர்வாந்தெஸ் வெளியிட்ட கதைத் தொகுதியில் ரிங்கொனேதே, கொர்த்தாதில்லோ என்னும் இரு சிறுவர்கள் செவில் நகரத்துத் திருடர் சங்கத்தை அடைகிறார்கள். ஸ்பானியத்தையே தாய்மொழியாகக் கொண்ட அவர்களுக்கும், கால்நடைத் திருடனுக்கு என்ன பெயர், சித்திரவதைக்கு என்ன பெயர் என்று வழிகாட்டி வந்த இளைஞன் ஒவ்வொன்றாகப் பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கூட்டத்தின் சொல் அக்கூட்டத்தில் சேர்ந்த பிறகே ஒருவனுக்கு உரியதாகிறது என்பதை அக்கதையைப் படிப்பவர் தெளிவாகக் காணலாம். அந்நிய தேசத்திலிருந்து செல்லும் நமக்கும் இந்த நியதியே பொருந்தும்.

முதலில் கைக்கொள்ள வேண்டியவை, யாருக்கும் மனவருத்தம் விளைவிக்காத இசைவுச் சொற்கள். ஸ்பெயினில் 'பாலே' என்ற சொல்லை ஒரு நாளில் எத்தனை முறை கேட்போம் என்று எண்ணி முடியாது. (எழுத்தில் அது 'வ' போலத் தோன்றினும் ஸ்பானியர் அவ்வெழுத்தைப் பகரமாகவே ஒலிப்பர், இவ்வத்தியாயம் முழுவதிலும் ஒலியையே பின்பற்றி எழுதியிருக்கிறேன்.) 'சரி', 'ஆகட்டும்', 'புரிந்தது' என்ற மூன்று பொருளும் அதில் அடங்கும். ஆனால் இதே இசைவை மெக்ஸிகோவில் 'சாலே' என்றோ 'ஓராலே' என்றோ தெரிவிப்பார்கள். அர்ஜென்டினாவில் 'தாலே' என்பார்கள். கொலம்பியாவில் 'லிஸ்தோ' என்பார்கள். சிலியில் 'யா' என்பதோடு 'போ' என்னும் அசையையும் சேர்த்துவிடுவார்கள். அந்தப் 'போ', 'ஆகையால்' என்று பொருள்படும் 'புவேஸ்' என்ற சொல் தேய்ந்து வந்தது. பொருளேதும் தராமல், பேச்சுக்கு ஓர் அழுத்தம் மட்டும் தந்து நிற்பது. எந்த ஊருக்குச் சென்றாலும் முதல் நாளிலேயே அவ்வூரின் இசைவுச் சொல்லைக் கண்டறிந்து பழகிவிடுபவரை அவ்வூரார் மிக விரைவில் தம்மவராகக் கருதத் தொடங்குவர்.

மாட்ரிட்காரர் பேச்சில் மேலும் சில சொற்கள் ஓயாமல் வரும். 'வருக' என்று நேர்ப்பொருள் கொண்ட 'பெங்கா' என்பது ஊக்கப்படுத்தவும், இசைவு தெரிவிக்கவும், தொலைபேசியில் பேச்சை முடித்துக்கொள்ளவும் பயன்படுகிறது. 'ஓம்ப்ரே' என்றால் மனிதன் என்றே அகராதி சொல்லும். ஆனால் வியப்பிலும் மென்மையான மறுப்பிலும் பெண்ணை நோக்கியும் அதைச் சொல்வார்கள். ஒருவர் 'எஸ் கே' என்று தொடங்கினால், பின்னால் ஒரு விளக்கமோ சமாதானமோ வரப்போகிறது என்று அறிந்துகொள்ளலாம். பேச்சில் சொற்கள் உச்சரிப்பிலும் சுருங்கும்: 'பாரா' என்பது 'பா' ஆகும், 'கன்சாதோ' என்பதில் நடுமெய் மறைந்து 'கன்சாவோ' ஆகும். இந்தச் சுருக்கங்களைக் கேட்டறிந்தால் போதும். தாமும் அவ்வாறே சுருக்கிப் பேச முயல்வது கற்போருக்கு அழகு சேர்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து வருவன மரபுத்தொடர்கள். இவை பெரும்பாலும் நாடுதோறும் வேறுபடாமல் செல்லுபடியாவன; பண்பான சபையிலும் ஏற்கத்தக்கன. ஆதலால் கற்பவர் தம் உழைப்பில் பெரும்பகுதியை இவற்றுக்கே செலவிட வேண்டும் என்று வற்புறுத்துவேன். பிரியாத நண்பர் இருவரை நாம் நகமும் சதையும் போன்றவர் என்கிறோம் அல்லவா? ஸ்பானியரும் எழுத்துக்கு எழுத்து அதையே, 'ஊஞா இ கார்னே' என்கிறார்கள். மெக்ஸிகோ மக்கள் அதை வேடிக்கையாக மாற்றி நகமும் அழுக்கும் என்பார்கள். ஒருவரைக் கேலி செய்து ஏமாற்றுவது 'தொமார் எல் பேலோ', அதாவது மயிரைப் பிடிப்பது. அசந்தர்ப்பமாக எதையேனும் செய்துவிடுவது 'மெதேர் லா பாத்தா', காலை உள்ளே விடுவது. ஒளிவுமறைவின்றிப் பேசுபவருக்கு நாவில் மயிர் இல்லை. மணம் வேண்டி வந்தவனை மறுத்துவிட்ட பெண், அவனுக்குப் பூசணிக்காய் கொடுத்துவிட்டாள் என்று சொல்லப்படுகிறாள். விலை அதிகமான பொருளுக்கு முகத்திலுள்ள கண் ஒன்றை ஈடாகக் கொடுக்க நேர்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்வதைப் 'பாக்கா' செய்வது, அதாவது பசு செய்வது, என்பார்கள். கொலம்பியாவில் பயணம் செய்வோர் முதல் நாளே கேட்கும் எச்சரிக்கை 'நோ தார் பப்பாயா': பப்பாளியைக் கொடுக்காதே. கைப்பையையோ செல்போனையோ பிறர் கண்ணில் படும்படி விட்டு, திருட்டுக்குத் தானே இடங்கொடுத்துவிடக் கூடாது என்பது அதன் தாத்பரியம். மரபுத்தொடரின் சுவையில் மயங்கி வாக்கியந்தோறும் ஒன்றைச் செருகுவதும் தவறே. பழமொழிகளை வரம்பின்றி அடுக்கும் சாஞ்சோ பான்சாவை, செர்வாந்தெஸ் நாவலின் 1615-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் தொன் கிஹோத்தே கடிந்துகொள்வதை ஸ்பானியம் கற்போர் அனைவரும் ஒருமுறை படிப்பது நன்மை பயக்கும்.

இனி விளிச்சொற்கள். இங்கேதான் நிதானம் மிகவும் அவசியம். 'நீ' என்பதற்குத் 'தூ', 'தாங்கள்' என்பதற்கு 'உஸ்தெத்' என்று பாடநூல் கூறும். ஸ்பெயினில் அறிமுகமான சிறிது நேரத்திலேயே பலரும் 'தூ' என்று பேசத் தொடங்கிவிடுவதால், நமக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம்; அவர்கள் கருத்து அதுவன்று. மாறாக, பொகொத்தாவில் நெருங்கிய நண்பர்களும் ஒரே குடும்பத்தாருமே 'உஸ்தெத்' என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். அந்நகரைச் சூழ்ந்த மலைநாட்டில், குறிப்பாகப் பொயாக்கா பிரதேசத்தில், 'சுமெர்சே' என்ற இனிய விளியும் உண்டு. 'தங்கள் கிருபை' என்று பொருள்பட்ட பழைய மரியாதைத் தொடரிலிருந்தே அதுவும் பிறந்தது, 'உஸ்தெத்' என்பதும் பிறந்தது. ஒன்று உலகப் பொதுவாயிற்று, மற்றொன்று கொலம்பிய மலைவாசிகளின் அன்பு மொழியாக நிலைபெற்றது. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் 'தூ' என்பதன் இடத்தைப் 'போஸ்' பிடித்துக்கொண்டு, வினைமுற்றையும் தனக்கேற்றபடி மாற்றிவிடுகிறது.

நண்பர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொற்கள் இவற்றினும் நுட்பமானவை. மாட்ரிட் இளைஞர்கள் 'தீயோ', 'தீயா' என்பார்கள்; மாமா, அத்தை என்ற உறவுப்பெயர்களே அவை. நண்பனை மச்சான் என்று அழைத்துப் பழகிய தமிழருக்கு இதன் உள்ளம் சட்டென்று விளங்கும். ஆனால் அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான இடங்களில் 'தீயோ' வெறும் உறவினரே. மெக்ஸிகோவில் அவ்விடத்தில் வருவது 'குவேய்'. எருது என்னும் சொல்லின் திரிபாகிய அது ஒரு காலத்தில் அறிவிலியைக் குறித்த வசை. இன்று தோழமையின் அடையாளம். புவெனஸ் அயர்ஸில் 'சே' என்பது எவரையும் கூப்பிடும் பொதுவிளி. எர்னெஸ்தோ குவேரா என்னும் அர்ஜென்டினர் பேச்சுக்குப் பேச்சு அதைச் சொல்லியதால்தான் தோழர்கள் அவருக்கு அதையே பெயராக்கினார்கள். அதே நகரத்தில் 'போலூதோ' என்ற சொல் உயிர்த்தோழர்களுக்குள் அன்பாகவும், அந்நியரிடத்தில் சொன்னால் கைகலப்புக்கு அழைப்பாகவும் ஆகிறது. சொல் ஒன்றே, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவே பொருளைத் தீர்மானிக்கிறது. ஆகையால் கற்பவர் ஒரு விதியைக் கைவிடாமல் பின்பற்ற வேண்டும்: உங்களை ஒருவர் அச்சொல்லால் பலமுறை அழைத்து, அவ்வழைப்பில் உங்களுக்கும் மகிழ்ச்சி உண்டான பிறகே, அவரை மட்டும், அச்சொல்லால் அழையுங்கள். வயதில் மூத்தோரிடமும், கடைச் சிப்பந்தியிடமும், காவலரிடமும் அது ஒருபோதும் வேண்டாம்.

மெக்ஸிகோவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அந்நாட்டுப் பேச்சில் ஸ்பானியம் வருவதற்கு முன்பிருந்த நாவாத்தல் மொழி இன்னும் உயிரோடிருக்கிறது. நண்பனைக் குறிக்கும் 'குவாத்தே', இரட்டைப் பிள்ளையைக் குறித்த நாவாத்தல் சொல். குறும்புக் குழந்தையைக் குறிக்கும் 'எஸ்குவிங்க்லே', நாயைக் குறித்த சொல். பணம் அங்கே 'லானா', கம்பளி, வேலை 'சாம்பா'. மிக நன்றாயிருக்கிறது என்பதற்குக் 'கே பாத்ரே' என்பார்கள், 'என்ன தகப்பன்!' என்று. தந்தையை வைத்துப் புகழும் அம்மக்கள் தாயைக் குறிக்கும் 'மாத்ரே' என்ற சொல்லை வைத்து அமைத்திருக்கும் தொடர்களோ பெரும்பாலும் முரட்டுத்தன்மை வாய்ந்தவை. அதனால் ஒருவருடைய தாயாரை நலம் விசாரிக்கும்போது 'மாத்ரே' என்னாமல் 'மமா' என்றே சொல்வது அங்கே மரியாதை. இந்த ஒரு குறிப்பை மட்டும் நினைவில் வைத்தாலும் பல சங்கடங்கள் தவிரும். கூப்பிட்ட குரலுக்கு 'என்ன?' என்று கேளாமல் 'மாந்தே', அதாவது 'கட்டளையிடுங்கள்', என்று மறுமொழி சொல்லும் வழக்கத்தையும் அங்கேயே காண்கிறோம்; பணிவு மிகுந்த அவ்வழக்கத்தைப் பின்பற்றுவோருக்கு நன்மதிப்புத் தானே வரும். 'அவோரீதா' என்பதைக் குறித்து மட்டும் எச்சரிக்கை தேவை. 'இப்பொழுது' என்பதன் குறுமை வடிவமாகிய அது, இந்தக் கணத்தையும் குறிக்கலாம், மாலைப்பொழுதையும் குறிக்கலாம், நடக்கவே நடக்காத காலத்தையும் குறிக்கலாம். காரியம் முக்கியமானால் எத்தனை மணிக்கு என்று பணிவுடன் கேட்டுவிட வேண்டும்.

புவெனஸ் அயர்ஸின் 'லுன்ஃபார்தோ'வை நான் மிகவும் நேசிக்கிறேன். ஒரு நகரத்தின் துன்பமும் விளையாட்டும் அதில் ஒருங்கே குடியிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஏழை ஜனங்கள், ஒரே முற்றத்தைச் சூழ்ந்த நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளில் பல பாஷைக்காரரோடு கலந்து வாழ்ந்தபோது, அவர்கள் வாய்ச்சொற்களும் துறைமுகத்தார் பேச்சும் சிறைச்சாலைக் குழூஉக்குறியும் சேர்ந்து உருவாயிற்று அது. இத்தாலிய மொழியின் 'லவோரோ' அங்கே 'லபூரோ' ஆகி வேலையைக் குறித்தது. சோம்பலுக்கு 'ஃபியாக்கா' வந்தது. சிறுவன் 'பீபே' ஆனான். இவற்றோடு 'பெஸ்ரே' என்னும் வித்தையும் உண்டு: அசைகளை முன்பின்னாகப் புரட்டிப் பேசுவது. 'கஃபே' என்பது 'ஃபேக்கா'. 'தாங்கோ' என்பது 'கொத்தான்'. 'பெஸ்ரே' என்னும் பெயரே, தலைகீழ் என்று பொருள்படும் 'ரெபேஸ்' என்ற சொல்லைப் புரட்டியதுதான்.

பஸ்குவால் கொந்தூர்சி லுன்ஃபார்தோ கலந்து எழுதிய தாங்கோ பாடல் ஒன்றை 1917-இல் கார்லோஸ் கார்தெல் இசைத்தட்டில் பாடிய பின், சேரிப்பேச்சு என்று ஒதுக்கப்பட்ட அம்மொழி வீடுதோறும் நுழைந்தது. 1943-இல் ஆட்சிக்கு வந்த இராணுவ அரசாங்கம், பாஷையைத் தூய்மை செய்கிறோம் என்று வானொலியில் அதைத் தடுத்தது. பாடல்களின் வரிகளையும் மாற்ற நேர்ந்தது. அத்தடை நிலைக்கவில்லை. 1962-இல் அந்நகரத்திலேயே லுன்ஃபார்தோவை ஆராய்வதற்கென்று ஓர் அக்காதெமி நிறுவப்பட்டது. எளியோர் பேச்சைச் சட்டத்தால் அழித்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் தேட வேண்டியதில்லை. மாட்ரிடிலும் இத்தகைய ஏற்றத்தைக் காண்கிறோம். ஸ்பெயினின் ஹிதானோ (ஜிப்சி) மக்கள் பேசிய 'காலோ'விலிருந்து வந்த 'சபால்' (பையன்), 'குர்ரார்' (உழைத்தல்), 'மோலா' (மனத்துக்குப் பிடித்திருக்கிறது) ஆகிய சொற்கள் இன்று சாதாரண இளைஞர் மொழியாகிவிட்டன. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் மரணத்துக்குப் பின் அந்நகரத்தில் எழுந்த இளைஞர் வழக்குக்குச் 'செலி' என்று பெயர். அதற்கு ஃபிரான்சிஸ்கோ உம்ப்ரால் 1983-இல் ஓர் அகராதியே எழுதினார்.

ஒரே சொல் நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதால் வரும் அபாயங்களுள் முதன்மையானது 'கோஹேர்'. ஸ்பெயினில் அது 'எடுத்தல்', 'பிடித்தல்' என்று பொருள்படும் நிரபராதியான வினை. பஸ் பிடிப்பது முதல் குழந்தையை எடுப்பது வரையில் அதையே சொல்வார்கள். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் வேறு சில நாடுகளிலும் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். ஸ்பெயினில் அச்சிட்ட நூலைப் படித்தவர் அங்கே செல்வதற்கு முன் அவ்வினையை மறந்து, 'தொமார்' என்பதைப் பழகிக்கொள்ள வேண்டும்; அது எங்கும் குற்றமற்றது. கியூபாவில் 'குவாகுவா' வருகிறது என்றால் பஸ் வருகிறது. சிலியிலும் பெருவிலும் பொலிவியாவிலும் 'குவாகுவா' என்றால் கைக்குழந்தை. ஸ்பெயினில் 'தின்தோ' கேட்டால் சிவப்புத் திராட்சை மது வரும். கொலம்பியாவில் கேட்டால் பால் கலவாத காப்பி வரும். 'அர்ரேச்சோ' என்பது வெனிசுவேலாவில் கடுங்கோபத்தையும், அண்டை நாடான கொலம்பியாவின் பல பகுதிகளில் காமவேட்கையையும் குறிப்பது; ஆகவே எல்லையின் இருபுறத்திலும் அதைத் தொடாமலிருப்பதே உத்தமம்.

வசைச் சொற்களைப் பற்றி எழுதாமல் விடுவது வழிகாட்டி நூலின் கடமையைத் தட்டிக்கழிப்பதாகும். ஸ்பெயினில் கடுஞ்சொற்கள் நல்ல குடும்பத்துப் பெரியவர் வாயிலும் சர்வசாதாரணமாக வரும்; அவை பெரும்பாலும் உங்களை நோக்கியவையல்ல, வியப்புக்கும் சலிப்புக்கும் வடிகால் மட்டுமே. கத்தோலிக்கத் திருப்பலியின் அப்பத்தைக் குறிக்கும் 'ஓஸ்தியா'வே அங்கே வியப்பொலியாகிவிட்டது. அதைச் சொல்லக் கூசுவோர் முதலசையை வைத்துக்கொண்டு 'ஓஸ்த்ராஸ்', அதாவது சிப்பி, என்று முடித்துவிடுவார்கள். மலத்தைக் குறிக்கும் சொல் வாயில் வரத் தொடங்கிய பின் அதைப் புதன்கிழமையாக, 'மியேர்கோலெஸ்' என்று, மாற்றிவிடுவோரும் உண்டு. மெக்ஸிகோவில் நம்பமுடியாத செய்தியைக் கேட்டால் வரும் ஆபாசத் தொடருக்குப் பதிலாக 'நோ மஞ்சேஸ்', 'கறைப்படுத்தாதே', என்பார்கள். நம் இலக்கணத்தார் வகுத்த இடக்கரடக்கல் இதுவே. கற்பவர் தாராளமாக எடுத்தாளத்தக்கதும் இதுவே. மூலச்சொற்களின் வேரையும் விரிவையும் அறிய விரும்புவோர், ஓக்தாவியோ பாஸ் 1950-இல் வெளியிட்ட 'தனிமையின் புதிர்ப்பாதை' என்னும் பொருள்பட்ட நூலில், மெக்ஸிகோவின் மிகக் கடுமையான வசைவினை ஒன்றை அவர் ஆராய்ந்திருக்கும் பகுதியைப் படிக்கலாம். 1966-67-இல் வெளிவந்த மரியா மொலினேரின் ஈடிணையற்ற வழக்கு அகராதி இத்தகைய சொற்களுக்கு இடமளிக்கவில்லை. 1968 முதல் வெளிவந்த கமிலோ ஹொசே செலாவின் 'இரகசிய அகராதி' அவற்றுக்கென்றே எழுந்தது.

அகராதி பார்க்கும் முறையிலும் ஒரு பழக்கம் வேண்டும். 1713-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச அக்காதெமியின் அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் சிறு குறிகள் இருக்கும்: பேச்சு வழக்கு, கொச்சை, இழிவுப் பொருள், காதுக்கு ஒவ்வாதது என்பன போல. அக்குறிகளின் அருகிலேயே நாட்டுப் பெயர்களும் சுருக்கி எழுதப்பட்டிருக்கும். பொருளைப் படிப்பதற்கு முன்னால் இவற்றைப் படியுங்கள். அமெரிக்க நாடுகளின் வழக்குகளுக்கென ஸ்பானிய மொழி அக்காதெமிகளின் சங்கம் 2010-இல் வெளியிட்ட தனி அகராதியும் இருக்கிறது. புதிதாகக் கேட்ட சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது பொருளை மட்டும் எழுதாமல், எந்த ஊரில், எத்தனை வயதுள்ளவர், யாரிடம், என்ன மனநிலையில் சொன்னார் என்பதையும் அருகே எழுதிவைக்க வேண்டும். இரண்டாம் முறை வேறொருவர் வாயிலும் அதையே கேட்கும் வரையில் அச்சொல்லைப் பிரயோகிக்க வேண்டாம். ஐயம் எழுந்தால் வீட்டுக்காரரிடமோ நண்பரிடமோ 'அசீ சே தீசே அக்கீ?', அதாவது 'இங்கே இப்படித்தான் சொல்வார்களா?', என்று கேளுங்கள். அவர்கள் பொருளோடு நில்லாமல், தம் பாட்டியார் அதற்கு என்ன சொல்வார், பக்கத்து ஊரில் அதை எப்படி மாற்றுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்குவார்கள். அப்போது குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது.